மற்ற ஆறு பேர்

ஒரு புது பேண்டின் முதல் ஆல்பத்தைப் பற்றி 'பாடகர் கலக்கிவிட்டார்' என்று தொடங்கும் விமர்சனத்தை நான் அதற்கு மேல் படிப்பதில்லை. பாடகர் கலக்கியிருப்பார்தான். அது காதில் தானாகவே வந்து விழும், அதைச் சொல்ல விமர்சகர் எதற்கு? அவர் பாடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், எந்த இடத்தில் வாசிக்காமல் கையைக் கட்டிக்கொள்கிறார்கள், ஒருவர் வேகமெடுத்தால் மற்றவர் கூட ஓடுகிறாரா, பிடித்து நிறுத்துகிறாரா என்று சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்த பேண்ட் இருக்குமா என்பதற்கான தடயம் அங்கேதான் கிடக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க லண்டனின் 'பிளாக் கன்ட்ரி, நியூ ரோட்' மாதிரி வாகான பேண்ட் வேறில்லை. 2022 ஜனவரி 31ஆம் தேதி, இரண்டாவது ஆல்பம் வெளியாக நாலே நாள் இருக்கும்போது, பாடகரும் கிட்டார் வாசிப்பவருமான ஐசக் வுட் விலகுவதாக அறிவித்தார். பாட்டு வரிகள் அவருடையவை. குரல் அவருடையது. அந்த பேண்டைப் பற்றி அதுவரை எழுதப்பட்டதில் பெரும்பங்கு அவரைப் பற்றித்தான். ஏழில் ஒன்று போனால் ஆறு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ராக் இசையில் பாடகர் போனால் மிச்சம் பெரும்பாலும் பூஜ்யம்தான். இந்த ஆறு பேர் விஷயத்தில் அப்படி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது முதல் ஆல்பத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்திருக்க வேண்டியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இவர்கள் எங்கே அகப்பட்டார்கள் என்பது முக்கியம். தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் வின்ட்மில் என்று ஒரு பப் இருக்கிறது. 1816இல் கட்டிய நிஜமான காற்றாலை ஒன்று பக்கத்திலேயே நிற்பதால் அந்தப் பெயர். 150 பேர் நின்றால் மூச்சு முட்டும். மேடை என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். யார் வாசிக்கலாம் என்று பார்த்துப் பார்த்து இடம் கொடுப்பவர் டிம் பெர்ரி. 2010களின் கடைசியில் பிளாக் மிடி, ஸ்க்விட், பிளாக் கன்ட்ரி, நியூ ரோட் என்று அடுத்தடுத்து கிளம்பிய பேண்டுகள் எல்லாம் இந்தக் கூடத்தில் வாசித்துப் பழகியவை. ஒருவர் கச்சேரிக்கு இன்னொருவர் போய் நிற்பார்கள். பிளாக் மிடியும் பிளாக் கன்ட்ரியும் சேர்ந்து 'பிளாக் மிடி, நியூ ரோட்' என்ற பெயரில் வாசித்ததும் உண்டு. கொரோனா காலத்தில் பப்பைக் காப்பாற்ற நிதி திரட்டியதும் அப்படித்தான்.

அதே வட்டாரத்தில் இன்னொரு இடம், ஸ்பீடி வண்டர்கிரவுண்ட். டான் கேரி என்ற தயாரிப்பாளர் 2013இல் தொடங்கிய குட்டி லேபிள். அவர் வகுத்த விதிகளைப் படித்தால் சிரிப்பு வரும். ஒரு பாட்டை ஒரே நாளில் பதிவு செய்து நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக நின்று நேரடியாக வாசிக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, புகையும் லேசரும் விட்டு, இருட்டில் வாசிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு இடைவேளை கிடையாது. முடிந்ததும் ஏழு அங்குல இசைத்தட்டில் 250 பிரதி. 2018 ஜூனில் பிளாக் மிடியின் முதல் பாட்டு இப்படித்தான் வந்தது. 2019 ஜனவரியில் பிளாக் கன்ட்ரி, நியூ ரோடின் 'ஏதென்ஸ், ஃபிரான்ஸ்' வந்ததும் இப்படித்தான்.

இந்தக் கூத்தில் ஒரு காரியம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு மடிக்கணினி இருந்தால் போதும், டிரம்ஸை வெட்டி ஒட்டி வரிசையில் நிற்க வைக்கலாம். சுருதி விலகினால் இழுத்துச் சேர்க்கலாம். நாலு பேர் நாலு ஊரில் தனித்தனியாகப் பதிவு செய்து அனுப்பியதை ஒரே பேண்ட் போலக் காட்டலாம். அந்த மாதிரிப் பதிவை வைத்து எதையும் கணிக்க முடியாது. ஒரே நாளில், ஒரே அறையில், சாப்பிடாமல் வாசித்த பாட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை. புது பேண்ட் ஒன்றின் பெயர் காதில் விழுந்தால் நான் முதலில் தேடுவது ஸ்டுடியோப் பாட்டை விட்டுவிட்டு, ஏதாவது சின்னக் கூடத்தில் யாரோ கேமராவை நீட்டிப் பிடித்து எடுத்த வீடியோவைத்தான். ஒலி மட்டமாக இருக்கட்டும். டிரம்மர் யார் முகத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் போதும். பிளாக் மிடியை உலகம் பிடித்துக்கொண்டதே 2018இல் ஐஸ்லாந்தில் ஒரு விடுதியில் அமெரிக்காவின் கேஇஎக்ஸ்பி வானொலி எடுத்த நேரடி ஒளிப்பதிவு மூலம்தான். அப்போது அவர்களிடம் ஆல்பம்கூட இல்லை.

ஸ்பாட்டிஃபையில் ஒரு பேண்டின் பெயருக்குக் கீழே மாதக் கேட்பாளர் எண்ணிக்கை என்று ஒன்று இருக்கிறதே, அதை ஸ்கோர்போர்டு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். ஒரு பிளேலிஸ்டில் தூக்கிப் போட்டால் எகிறும், எடுத்துவிட்டால் விழும். ஆட்டத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. போதாக்குறைக்கு 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அந்த நிறுவனம் காசே கொடுப்பதில்லை. புதியவர்களுக்குப் பேண்ட்கேம்ப் தேவலை. 2008இல் தொடங்கிய தளம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மிச்சத்தில் பெரும்பகுதியைக் கலைஞரிடம் கொடுக்கிறது. அதன் கைகளும் இரண்டு முறை மாறிவிட்டன, 2022இல் எபிக் கேம்ஸ், 2023இல் சாங்ட்ராடர். இருந்தாலும் பாட்டுக்குக் கீழே யார் என்ன வாசித்தார், யார் பதிவு செய்தார் என்ற குறிப்பு அங்கே கிடைக்கும். அதைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு வயலின்காரரின் பெயர் வேறொரு ஆல்பத்திலும் தென்படும். ஒரு ஒலிப்பதிவாளரைப் பின்தொடர்ந்தால் மூன்று பேண்ட் கிடைக்கும். ஜார்ஜியா எல்லரியைப் பிளாக் கன்ட்ரியில் கேட்டு, அங்கிருந்து அவர் இன்னொருவரோடு சேர்ந்து நடத்தும் ஜாக்ஸ்ட்ராப்புக்குப் போனவர்கள் அப்படித்தான் போனார்கள்.

சரி, பேண்ட் கிடைத்துவிட்டது. முதல் ஆல்பமும் வந்துவிட்டது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

கிரிக்கெட்டில் ஓர் உதாரணம்: 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் நரேந்திர ஹிர்வானி தன் அறிமுக டெஸ்டிலேயே வெஸ்ட் இண்டீசின் 16 விக்கெட்டை 136 ரன்னுக்குச் சாய்த்தார். பந்து தாறுமாறாகத் திரும்பிய பிட்ச் அது. அதன் பிறகும் சேர்த்து அவர் ஆடிய டெஸ்ட் மொத்தம் 17, எடுத்த விக்கெட் 66. திறமை இல்லாமலா 16 விக்கெட்? பிட்ச் கொடுத்தது எவ்வளவு, கை கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் அலசுகிறவன் வேலை. முதல் ஆல்பமும் சொந்த ஊர் பிட்ச்தான். அதிலிருக்கும் பாட்டுகள் இரண்டு மூன்று வருடமாகத் தெரிந்த கூடத்தில், தெரிந்த முகங்களுக்கு முன்னால் வாசித்து வாசித்துத் தேய்ந்து மெருகேறியவை. கூட்டம் எங்கே கத்தும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இரண்டாவது ஆல்பத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. அதனால் முதல் ஆல்பத்தில் எது நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதைவிட, எது மாறிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது பிரயோசனம்.

'ஃபார் த ஃபர்ஸ்ட் டைம்' 2021 பிப்ரவரி 5ஆம் தேதி நிஞ்ஜா டியூன் லேபிளில் வந்தது. ஆறே பாட்டு, சுமார் 40 நிமிடம். பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 4ஆம் இடம், அந்த ஆண்டின் மெர்க்குரி பரிசுக் குறும்பட்டியலிலும் இடம். நல்ல அறிமுகம். ஆனால் எனக்குச் சுவாரசியம், அதிலுள்ள இரண்டு பாட்டுகள் 2019இலேயே தனித்தனியாக வெளிவந்தவை என்பதுதான். 'ஏதென்ஸ், ஃபிரான்ஸ்', 'சன்கிளாசஸ்'. இரண்டையும் ஆல்பத்துக்காகத் திரும்பப் பதிவு செய்தார்கள். இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். 2019இல் வுட் பெரும்பாலும் பேசுகிறார், முறைக்கிறார், கத்துகிறார். 2021இல் அதே மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடப் பார்க்கிறார். தான் எழுதிய சில வரிகளையே தூக்கிவிட்டு வேறு போட்டிருக்கிறார். மற்றவர்கள் இடம் விட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். வெற்றி பெற்ற பாட்டை அப்படியே நகலெடுக்காமல் பிரித்துப் போட்டவர்கள் இவர்கள். இந்தத் துணிச்சல், பட்டியலில் 4ஆம் இடத்தைவிடப் பெரிய தகவல்.

அந்த முதல் ஐந்து நிமிடம் என்றேனே, ஆல்பத்தைத் திறக்கும் பாட்டின் பெயர் 'இன்ஸ்ட்ருமென்டல்'. பெயருக்கேற்ப அதில் குரலே இல்லை. சார்லி வேய்னின் டிரம்ஸ், மே கெர்ஷாவின் கீபோர்டில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு சின்னத் துணுக்கு, அதற்கு மேல் லூயிஸ் எவன்ஸின் சாக்ஸபோனும் எல்லரியின் வயலினும் கிளெஸ்மர் பாணியில், அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண வாத்திய மரபில், சீறிக்கொண்டு வருகின்றன. ஊரெல்லாம் பேசும் பாடகரை வைத்துக்கொண்டு, முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் அவரைப் பாட விடாமல் நிறுத்தி வைக்கும் பேண்டை என்னவென்று சொல்வது? 'எங்களை இப்படித்தான் பார்க்க வேண்டும்' என்று அவர்களே வாசலில் போர்டு மாட்டிவிட்டார்கள். அப்போது விமர்சகர்கள் ஸ்லின்ட் என்ற பழைய அமெரிக்க பேண்டோடு ஒப்பிட்டு எழுதுவதில் மும்முரமாக இருந்தார்கள். அந்த ஒப்பீட்டையும் ஒரு பாட்டுக்குள்ளேயே கிண்டலாக வைத்திருந்தார்கள் இவர்கள்.

இன்னொரு பழைய தகவலும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் நெர்வஸ் கன்டிஷன்ஸ் என்ற பேண்டில் சேர்ந்து வாசித்தவர்கள். பாடகர் மீது எழுந்த புகார்களால் 2018இல் அது கலைந்தது. ஆக, பாடகரை இழந்து எழுந்து நிற்பது இவர்களுக்கு முதல் தடவை கிடையாது.

இரண்டாவது ஆல்பம் 'ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்'. முதல் ஆல்பம் வந்த ஒரே வருடத்தில், 2022 பிப்ரவரி 4ஆம் தேதி. வைட் தீவில் தங்கிப் பதிவு செய்தார்கள். வெளியிலிருந்து பெரிய தயாரிப்பாளரைக் கூப்பிடாமல், தங்கள் கச்சேரிகளுக்கு ஒலி பார்த்த ஆளையே உட்கார வைத்துக்கொண்டார்கள். முதல் ஆல்பத்தின் சீற்றத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அகலமான, மெதுவான, அழ வைக்கும் இசை கிடைத்தது. பட்டியலில் 3ஆம் இடம். எனக்கு இந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த ராக் ஆல்பம் இதுதான். வாதத்துக்கு வருகிறவர்கள் வரலாம்.

அதில் 'பிரெட் சாங்' என்ற பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் முதல் பாதியில் தாளக்கட்டே கிடையாது. ஸ்டீவ் ரைக் 1976இல் முடித்த 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' என்ற படைப்பில் ஒரு சங்கதி உண்டு. கிளாரினெட் வாசிப்பவரின் மூச்சு எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் ஒரு தாளவட்டத்தின் நீளம். மூச்சு தீர்ந்தால் வட்டம் தீர்ந்தது. அதைக் கேட்டுவிட்டு, முழு பேண்டும் அப்படி வாசித்தால் என்ன என்று யோசித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், சைகை காட்டாமல், எண்ணிக்கை இல்லாமல், ஆனால் சேர்ந்து. ஆலாபனையில் ஒருவர் தாளமில்லாமல் போவது நம் காதுக்குப் பழக்கம். துணைக்கு வரும் வயலின் அவர் பின்னால் நிழலாகப் போகும். இங்கே ஏழு பேர், நிழல் யார் நிஜம் யார் என்று தெரியாமல் போகிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் ஓர் ஒலி எழும்போது இன்னொன்று அரை நொடி தயங்கி வந்து சேர்வது தெரியும். அந்தத் தயக்கம்தான் பாட்டின் உயிர். கணினியில் வரிசைப்படுத்தினால் செத்துப்போகும். பிற்பாதியில் டிரம்ஸ் ஒரு வழியாகக் கணக்கைத் தொடங்கும்போது, இத்தனை நேரம் இவர்கள் கயிற்றின் மேல் நடந்துகொண்டிருந்தார்கள் என்பது உறைக்கிறது.

'ஸ்னோ குளோப்ஸ்' இதற்கு நேரெதிர். ஒன்பது நிமிடப் பாட்டு. ஒரு சின்ன கிட்டார்த் துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது, மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அதன் மேல் படிகின்றன, யாருக்கும் அவசரமில்லை. அப்புறம் வேய்ன் நுழைகிறார். பாட்டோடு ஒட்டாமல், தனக்கென்று வேறொரு கோபம் இருப்பது போல, டிரம்ஸை அடித்து நொறுக்குகிறார். நமக்குத் தெரிந்த தனி ஆவர்த்தனத்தில் மற்றவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு தாளம் போடுவார்கள். இங்கே மற்ற ஆறு பேரும் அந்த மெதுவான பாட்டை விடாமல் தொடர்கிறார்கள். ஒருவர் பித்துப் பிடித்து ஆட, ஆறு பேர் இம்மி அசையவில்லை. எந்தப் புது பேண்டிலும் டிரம்மர் கிளம்பினால் மற்றவர்களும் சேர்ந்து கிளம்பிவிடுவார்கள், ஒலி ஏறும், கூட்டம் கத்தும், பாட்டு முடியும். கிளம்பாமல் நிற்பது பெரிய ஆட்டம். நான் தேடச் சொன்ன தடயம் இதுதான்.

வுட் போனார். தன் மன வேதனை பாடுவதையும் வாசிப்பதையும் கடினமாக்கிவிட்டது என்று ஒளிவில்லாமல் எழுதிவிட்டு, நண்பர்களோடு சண்டை எதுவும் இல்லாமல் போனார். மற்றவர்கள் பேண்டின் பெயரை மாற்றவில்லை, புதுப் பாடகரைத் தேடவில்லை. அவர் பாடிய பாட்டு ஒன்றைக்கூட மேடையில் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். வணிகக் கண்ணோடு பார்த்தால் தற்கொலை. பத்தாண்டின் சிறந்த ஆல்பத்தைப் போட்டுவிட்டு அதிலிருந்து ஒன்றையும் வாசிக்க மாட்டோம் என்கிறார்கள்! கோடைகாலத் திருவிழாக்களுக்குச் சில மாதமே இருந்தது. அதற்குள் முழுக் கச்சேரிக்குப் புதுப் பாட்டு எழுதினார்கள். பாஸ் வாசிக்கும் டைலர் ஹைட், கெர்ஷா, எவன்ஸ் என்று பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் லண்டன் புஷ் ஹாலில் மூன்று முறை வாசித்ததை 2023இல் படமாகவும் ஆல்பமாகவும் வெளியிட்டார்கள்.

'லைவ் அட் புஷ் ஹால்' முந்தைய ஆல்பத்துக்கு ஈடில்லை. இதைச் சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை. சில பாட்டுகளில் குரல் நிலைகொள்ளவில்லை, வரிகள் அவசரத்தில் எழுதியவை என்பது தெரிகிறது. எவன்ஸ் நல்ல சாக்ஸபோன்காரர், சுமாரான பாடகர். ஆனால் கெர்ஷா பியானோவில் உட்கார்ந்து பாடும் 'டர்பைன்ஸ்/பிக்ஸ்' என்ற நீண்ட பாட்டில், அவர் தனியாக வெகுதூரம் போகும் வரை மற்ற ஐந்து பேரும் வாத்தியத்தைத் தொடுவதில்லை. தொடும்போது ஒன்றாகத் தொடுகிறார்கள். 'பிரெட் சாங்'கில் பழகிய காது அது. குரலை இழந்தவர்கள் காதை இழக்கவில்லை.

இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே வைட் தீவிலிருந்து வந்த வெட் லெக், 2021 ஜூனில் 'ஷேஸ் லாங்' என்ற ஒற்றைப் பாட்டோடு கிளம்பியபோது இரண்டே பேர். ஒரு பாஸ் துணுக்கு, ஒட்டாத குரலில் நக்கலான பேச்சு, அவ்வளவுதான். கூட்டு வாசிப்பு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. 2022இல் வந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம், மறு வருடம் இரண்டு கிராமி. ஒரு நல்ல துணுக்குக்கு என் தத்துவம் எதுவும் தேவையில்லை. ஆனால் 2025 ஜூலையில் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அவர்கள் ஐந்து பேராக வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மேடை மேடையாகச் சுற்றியதில் துணைக்கு வந்தவர்கள் பேண்டாகவே ஆகிவிட்டார்கள். மறுபக்கம் பிளாக் மிடி. தனித்தனியாகப் பார்த்தால் வின்ட்மில் கூட்டத்தில் அவர்களை அடிக்க ஆளில்லை. மூன்று ஆல்பம் போட்டார்கள், 2024இல் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் வாசிப்பில் எப்போதும் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்க ஆனந்தம், ஆனால் ஒருவர் இன்னொருவருக்காக நின்ற இடம் அதிகம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

2025 ஏப்ரலில் வந்த 'ஃபாரெவர் ஹவ்லாங்', வுட் இல்லாமல் ஆறு பேரும் ஸ்டுடியோவில் செய்த முதல் ஆல்பம். தயாரிப்பு ஜேம்ஸ் ஃபோர்டு. பாடுவது எல்லரி, ஹைட், கெர்ஷா மூவர். தலைப்புப் பாட்டில் மற்றவர்கள் தங்கள் வாத்தியங்களை வைத்துவிட்டு, பிரிட்டிஷ் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஊதும் ரெக்கார்டர் குழலை எடுத்து ஊதுகிறார்கள். கேலிக்கூத்தாகப் போயிருக்க வேண்டியது, அழகாக வந்திருக்கிறது. மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும் இடங்கள் புஷ் ஹாலின் தடுமாற்றத்துக்குச் சரியான பதில். எழுத்தில் கெர்ஷாவுக்கு முதல் மதிப்பெண் போடுவேன், ஹைட் இரண்டாவது, எல்லரி துறுதுறுவென்று தொடங்கிவைக்கிறார்.

குறையும் உண்டு. எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே இதமாக இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் நாலைந்து திருப்பம், ஒவ்வொன்றும் நேர்த்தி, ஆனால் எதுவும் நம்மைப் பிடித்துத் தள்ளுவதில்லை. வேய்ன் அடக்கி வாசிக்கிறார், பல இடங்களில் அலங்காரத்தோடு நின்றுவிடுகிறார். மூன்று குரலுக்கு இடம் ஒதுக்கியதில் நெருக்கப்பட்டது டிரம்ஸ்தான். பாடுகிறவர்களைக் காப்பாற்ற ஐந்து பேரும் கவனமாக இருக்கிறார்கள், அந்தக் கவனம் காதில் விழவும் செய்கிறது. அடுத்த ஆல்பம் வந்தால் வரிகளையும் குரலையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, வேய்னுக்கு இன்னொரு ஒன்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுவேன்.